காதுக்காரர் வீட்டில் ஒரு குழந்தை தூங்கியது

என் அக்காவின் கணவரை அவருடைய அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "காது வந்தாச்சா?", "காதைக் கூப்பிடுப்பா" என்றுதான் பேச்சு. குடிநீர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. மண்ணுக்கு அடியில் போகும் குழாய்களில் எங்கே தண்ணீர் கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணால் அல்ல, காதால். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி வைத்திருப்பார். அதன் தலையில் கிண்ணம் மாதிரி மரத்தில் குடைந்த ஒரு குமிழ். கம்பியின் நுனியைச் சாலையில் ஊன்றி, குமிழில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்சம் நகர்ந்து மறுபடி ஊன்றுவார். தெரு விழித்துக்கொள்வதற்கு முன்னால் செய்கிற வேலை இது. எதிரே வருகிற பால்காரர்கூட வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவார். விடியல் வெளிச்சத்தில் அவரைத் தூரத்தில் இருந்து பார்த்தால், ஒரு மனிதர் தூங்கிக்கொண்டே நடக்கிறாரோ என்று தோன்றும்.

கடைசியில் சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு வட்டம் போடுவார். ஆட்கள் வந்து தோண்டுவார்கள். அங்கே தண்ணீர் இருக்கும். வீணாகத் தோண்டினோம் என்று யாரும் அவரைத் திட்டி நான் கேட்டதில்லை.

நான் திரைச்சீலை தைத்து மாட்டுகிறவன். எனக்கு ஜன்னல்தான் உலகம், அவருக்கு மண்ணுக்கு அடியில்தான் எல்லாமே. இரண்டு பேருக்கும் பேச என்ன இருக்கிறது? மச்சான் முறைக்கு நான் கிண்டல் செய்வேன், அவர் சிரிப்பார். பல வருஷம் எங்கள் உறவு அவ்வளவோடு நின்றிருந்தது.

அவர் எப்படி எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆனார் என்பதைச் சொல்ல வேண்டும். அக்கா ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அவள் குரலுக்கும் விசிலுக்கும் நடுவே எது பெரிது என்று பிள்ளைகளுக்குள் பந்தயமே நடக்கும். ஒருநாள் மைதானத்துக்கு அடியில் எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்று இவர் கம்பியோடு வந்து நின்றார். அக்கா விசில் ஊதினாள். இவர் கையை உயர்த்தினார். அக்கா கண்டுகொள்ளாமல் மறுபடி ஊதினாள். இவர் அவள் பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், கொஞ்சம் ஊதாம இருக்க முடியுமா?"

"எவ்வளவு நேரத்துக்கு?"

"தண்ணி பேசி முடிக்கிற வரைக்கும்."

அக்கா வாயடைத்துப் போனாள். அவள் வாயை அடைத்த மனிதர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அன்று அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில் குப்புறப் படுத்து, மண்ணில் காதை வைத்துக் கேட்டார்களாம். வெயில் இளஞ்சூடாக முதுகில் விழுந்துகொண்டிருந்ததாம். இரண்டு பிள்ளைகள் அப்படியே தூங்கியும் போனார்களாம். அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் தன்னால் இறங்கிவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டு மத்தியானங்கள் எனக்குப் பிடிக்கும். மாடியில் இரண்டு அறை வீடு. விடிவதற்கு முன்பே எழுந்து வேலைக்குப் போனவர் மத்தியானம் வந்து தரையில் காலை நீட்டிப் படுப்பார். அக்கா கால்மாட்டில் உட்கார்ந்து துணி மடிப்பாள். கண்ணை மூடியபடியே அவர் சொல்வார்: "மேல் வீட்டுல அரிசி களையறாங்க. கோடி வீட்டுல யாரோ ரொம்ப நேரமா கை கழுவறாங்க. எதையோ யோசிச்சுக்கிட்டு நிக்கறாங்க போல." அக்கா கதை கேட்கிற குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள். அவருக்குப் பாம்புக் காது. ஆனால் அந்தக் காதால் அவர் யாரையும் கொத்தியதில்லை.

வெகுகாலம் காத்திருந்த பிறகு அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எலிக்குஞ்சு அளவுதான் இருந்தாள். தாய்மாமன் உரிமையில் நான் 'சுண்டெலி' என்று பெயர் வைத்தேன். அக்கா முறைத்தாள், ஆனால் அடுத்த நாளே அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. மாமாவின் தொழிலில் சத்தம் என்றால் கோளாறு. நல்ல குழாய் வாயைத் திறக்காது. கெட்டுப்போனதுதான் சீறும், முணுமுணுக்கும், தட்டும். பிறந்த குழந்தை தூங்குவதை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் தெரியும், அது வாய் ஓயாத தூக்கம். முனகும். கனைக்கும். முகம் சிவக்க முறுக்கிக்கொள்ளும். எதையோ கண்டு சிரிக்கும், உடனே உதட்டைப் பிதுக்கும். மூடிய இமைக்குள் கண் ஓடும். வேகமாக நாலு மூச்சு விட்டு, சட்டென்று நிறுத்தி, நாம் பதறுவதற்குள் மறுபடி விட ஆரம்பிக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குக் கண்ணோடு போகவில்லை, காதும் அரண்டுவிட்டது.

சுண்டெலி ஒரு முனகல் முனகினால் போதும், இவர் கை கட்டிலுக்குள் போய்விடும். தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்துக்கொள்வாள், அழுவாள். அழுதால் அக்கா எழுந்து பால் கொடுக்க வேண்டும். தட்டிக்கொடுத்துப் படுக்க வைத்து, அக்கா தலையணையில் தலை வைத்ததும் அடுத்த முனகல் வரும். இவர் கை மறுபடி போகும். பகல் இரவு என்று வித்தியாசம் இல்லாமல் இதே கதை. இவர் லீவு போட்டுவிட்டு வேறு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் தன் இரும்புக் கம்பியின் நுனியைக் குழந்தையின் கட்டில் காலில் ஊன்றி, குமிழில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தாராம். அதைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்று சொன்னாள். அப்போதுதான் எனக்கு விஷயம் முற்றிவிட்டது என்று புரிந்தது.

நான் சும்மா இருப்பேனா? திரைச்சீலைக்காரன் ஆயிற்றே. கனமான துணியில் திரை தைத்துக்கொண்டு போய் மாட்டி, பட்டப்பகலில் அந்த அறையை சினிமாக் கொட்டகை மாதிரி இருட்டாக்கினேன். மிச்சத் துணியில் மெத்துமெத்தென்று ஒரு குட்டித் தலையணையும், கட்டிலைச் சுற்றிக் கட்ட மடிப்பு வைத்த திண்டும் தைத்துக் கொடுத்தேன். வேலை முடிந்து பார்க்கும்போது எனக்கே பெருமை தாங்கவில்லை. இந்தச் சுகத்தில் யார்தான் தூங்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நான் தூங்கினேன். அவர்கள் யாரும் தூங்கவில்லை.

அதற்கடுத்து ஒரு காலையில் அக்காவிடம் இருந்து போன் வந்தது. மைதானத்தின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல், போனில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சோஃபால உக்காந்து பால் குடுத்துக்கிட்டு இருந்தேன்டா. அப்படியே தூங்கிட்டேன் போல. கண்ணைத் திறக்கிறேன், அவ என் மடியில இருந்து சறுக்கிக்கிட்டு, சோஃபா மடிப்புல முகத்தைப் புதைச்சுக்கிட்டு கிடக்கிறா."

"அவளுக்கு ஒன்னும் ஆகலையே?"

"ஒன்னும் ஆகல. தூக்கினதும் அழுதா. ஆனா நான் தூங்கலன்னா இன்னொரு தடவையும் இப்படி நடக்கும். என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுடா. அவர் பக்கத்துல இருக்கிற வரைக்கும் நானும் தூங்க முடியாது, இவளும் தூங்க முடியாது."

"மாமா மேல கோவமா?"

"கோவப்படக்கூடத் தெம்பு இல்ல. சனிக்கிழமை வண்டியை எடுத்துட்டு வா. அதுக்குள்ள அவர் அவளைத் தூங்க விட்டா இருக்கேன். இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் வந்துடறோம்."

மாமாவிடமும் அவள் இதைச் சொல்லிவிட்டாள். அவர் சண்டை போடவில்லை. நான் அன்று மாலை போனபோது, குழந்தையின் உடைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான். ஒரு சட்டையை உதறி மாட்டப் போனவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் கிண்டல் செய்ய வாயெடுத்தேன், முடியவில்லை.

"மாப்ளே, அவ மூச்சை நிறுத்தும்போது எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா?" என்றார். "எனக்கு மட்டும்தான் அது கேட்குது. நான் தூக்கலன்னா யாரு தூக்குவா?"

அந்த வாரத்தின் நடுவில் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் நர்ஸ் வந்தார். உதட்டில் சிரிப்பும் நாக்கில் கறாரும் ஒன்றாக வைத்திருக்கிற பெண்மணி. உள்ளே நுழைந்ததும் என் திரையைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். வெளிச்சம் கொட்டியது.

"பகல்ல வெளிச்சம் இருக்கட்டும். வீட்டுல பேச்சு, சத்தம் எல்லாம் சாதாரணமா இருக்கட்டும். ராத்திரி மட்டும் விளக்கைக் குறைச்சு, கொஞ்சிப் பேசாம பாலைக் குடுத்துப் படுக்க வைங்க. இப்ப அவளுக்குப் பகல் எது ராத்திரி எதுன்னு தெரியாது. கொஞ்ச வாரம் போகணும், தானா கத்துக்குவா."

அடுத்து என் தலையணையும் திண்டும் வெளியே வந்தன. "இது யாரு வேலை?"

அக்கா என்னைக் கைகாட்டினாள்.

"தையல் நல்லா இருக்கு. உங்க சோஃபால வச்சுக்குங்க. குழந்தை கட்டில்ல ஒன்னுமே இருக்கக் கூடாது. கெட்டியான மெத்தை, மேல இழுத்துக் கட்டின விரிப்பு, அவ்வளவுதான். எப்பவும் மல்லாக்கப் படுக்க வைக்கணும். கட்டில் உங்க ரூம்லயே இருக்கட்டும்."

மூக்குடைபட்டு நான் மூலையில் போய் உட்கார்ந்தேன். அவர் குழந்தையை எடை பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், நன்றாக இருக்கிறாள் என்றார். அப்போது மாமா தயங்கித் தயங்கி மூச்சு விஷயத்தைச் சொன்னார். நர்ஸ் கிண்டல் செய்யவில்லை. குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு, அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். சுண்டெலி முனகினாள், முறுக்கினாள், மூச்சை நிறுத்தி மறுபடி விட்டாள்.

"இதைத்தானே சொல்றீங்க? பிறந்த குழந்தைங்க தூக்கத்துல பாதி இப்படித்தான் இருக்கும். பார்க்க விழிச்ச மாதிரி இருக்கும், ஆனா தூங்கிட்டுத்தான் இருக்கா. சில நொடி நிறுத்தி மறுபடி விடறது அவங்க மூச்சோட பழக்கம். உதடு நீலமாச்சு, நெஞ்சு குழி விழுற மாதிரி இழுத்து மூச்சு விடறா, நிறுத்தின மூச்சு சீக்கிரம் திரும்பல, உடம்பு சுடுது, பால் வேண்டாங்கறா, இதுல எதுவா இருந்தாலும் யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடி வாங்க. மத்தபடி முனகினா உடனே தூக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க. ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும் இல்லையா?"

"சரிங்க சிஸ்டர்" என்றார் மாமா. தலை ஆடியது. கை மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்தபடியே இருந்தது. நர்ஸ் படி இறங்கி முடிப்பதற்குள் சுண்டெலி மாமா தோளில் இருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் நான் வண்டியோடு போனேன். கூடத்தில் அக்காவின் பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. அவள் படுக்கையறையில், தலை வாரிக்கொள்ளப் போகிறவள் மாதிரி கையில் சீப்போடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு நிமிஷம் சாஞ்சுக்கறேன்டா. அப்புறம் கிளம்பிடலாம்" என்றாள். சாய்ந்தாள். சீப்பு கையில் இருந்து நழுவுவதற்கு முன்பே தூங்கிவிட்டாள்.

சுண்டெலி பக்கத்தில் குட்டிக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். மாமா அவள் தலைமாட்டில் நின்றார். நான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டேன். என்னுடைய கனத்த திரை போய், பழைய மெல்லிய திரை திரும்ப வந்திருந்தது. காற்று அதைத் தூக்கும்போதெல்லாம் வெயில் ஒரு துண்டு சுவரில் ஏறி, இறங்கியது. பால் வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து அறை முழுக்க இருந்தது. கீழே தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த அறையில் நிற்கவே எனக்குக் கண் சொருகியது.

அப்போது சுண்டெலி ஆரம்பித்தாள். முதலில் ஒரு சின்ன முனகல். பிறகு கதவு திறப்பது மாதிரி ஒரு நீண்ட கிரீச். முகம் சிவந்து, இரண்டு கையும் காற்றில் எதையோ பிடிக்கப் போயின. மாமாவின் கை உள்ளே போனது. நான் தாவிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடு மாப்ளே."

"மாமா, ஒன்னே ஒன்னு கேட்கிறேன். ரோட்டுல கம்பியை வச்சதும் ஒரு சத்தம் கேட்குது. உடனே வட்டம் போட்டுடுவீங்களா?"

"அது எப்படி? யாராவது வீட்டுல குழாயைத் திறந்திருப்பாங்க. நின்னு பார்ப்பேன். ஆள் திறந்த குழாயா இருந்தா சத்தம் நின்னுடும். கசிவு மட்டும்தான் நிக்காது."

"அது வரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? சும்மா நின்னு கேட்டுக்கிட்டு..."

பாதியில் நிறுத்தினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. என் பிடியில் இருந்து கையை இழுக்கவில்லை.

நின்றோம். சுண்டெலி தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். உதட்டைச் சப்பினாள். ஒரு புருவம் மட்டும் ஏறியது, பெரிய அதிகாரி மாதிரி. பிறகு மூச்சை வேகமாக விட்டு, நிறுத்தினாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் அந்தக் கணத்தில் எல்லாத் தைரியமும் போய்விட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. அக்காவின் மூச்சு கேட்டது, கூடத்துக் கடிகாரம் கேட்டது. பிறகு ஒரு சின்ன பெருமூச்சு. அதன் பின்னால் இன்னொன்று. காற்றில் இருந்த கைகள் இறங்கி, விரித்த விரல்களோடு தலைக்கு இரண்டு பக்கமும் விழுந்தன. சிவப்பு வடிந்தது. இமைக்குள் ஓடிய கண் நின்றது. மூச்சு ஒரே சீராக, கேட்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெல்லியதாக ஆனது.

இப்படி ஒரு தூக்கத்துக்குள் அவள் இறங்குவதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. இறங்குகிற வழியிலேயே தூக்கிவிடுவாரே, எப்படிப் பார்த்திருப்பார்?

நான் கையை விட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து கட்டில் கம்பியில் தலையை முட்டுக்கொடுத்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தார்.

"மாப்ளே, இத்தனை வருஷமா கெட்டுப்போனதை மட்டும்தான் கேட்டிருக்கேன்" என்றார் மெல்ல. "நல்லா இருக்கிற ஒன்னை உக்காந்து கேட்டதே இல்ல."

இந்த மனிதர் என் அக்காவுக்குக் கிடைத்தது நல்லது என்று அப்போது நினைத்தேன், அவர்கள் கல்யாணத்தன்றுகூட நான் அப்படி நினைத்ததில்லை. அவர் பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன்.

மத்தியானம் எங்களைக் கடந்து மெதுவாகப் போனது. சுண்டெலி இடையில் மறுபடி முனகினாள், மறுபடி அடங்கினாள். அவர் தன் இரண்டு கையையும் தன் மடிக்குள் பூட்டி வைத்திருந்தார். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். கண் திறக்கும்போதெல்லாம் வெயில் சுவரில் வேறு இடத்தில் இருந்தது. ஒருமுறை திறந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். குழந்தை கையை வாயில் வைத்து, தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது.

"இது பசி" என்றார் அவர், எனக்கு மட்டும் கேட்கும்படி. அழுகை வருவதற்கு முன்பே அவளைத் தூக்கி அக்காவின் பக்கத்தில் கொண்டுபோனார்.

அக்கா விழித்தாள். ஜன்னலைப் பார்த்தாள், சாயங்காலம் ஆகியிருந்தது. ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"அழுதாளா?"

"இல்ல."

"முனகினாளா?"

"முனகினா."

"நீங்க தூக்கலையா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். முகத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. பல நாட்களாக நான் பார்க்காத ஒரு தெளிவு கண்ணில் வந்திருந்தது. சுண்டெலி குடித்து, ஏப்பம் விட்டு, இமை பாதி இறங்கிய நிலையில் கிடந்தாள். அக்கா அவளை அவர் கையில் கொடுத்தாள்.

"படுக்க வைங்க."

அவர் மல்லாக்கப் படுக்க வைத்தார். சுண்டெலி முகத்தைச் சுளித்து முனகினாள். அவர், அவள் தலைக்கு அடியில் இருந்த கையை உருவிக்கொண்டார். நெஞ்சின் மேல் இருந்த கை மட்டும் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அதையும் எடுத்தார். எடுத்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அக்கா கூடத்துக்கு வந்தாள். பையைத் திறந்து, மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தாள்.

நான் குரலைத் தாழ்த்தி, ரகசியம் பேசுகிறவன் மாதிரி கேட்டேன். "அப்ப கிளம்பலையாக்கா?"

"சத்தமாவே பேசுடா" என்றாள். "அவர் தூக்க மாட்டார்."